மாடல் ரயிலுக்கு ஒரு சேலத்து மண்டி: முதல் கட்டடம் கட்டுபவர்களுக்கு

மாடல் ரயில் பிடித்துப்போனவர்கள் கையில் இருக்கும் காசையெல்லாம் எஞ்சினிலும் பெட்டியிலும் போட்டுவிடுகிறோம். தண்டவாளத்தின் ஓரம் மொட்டையாக நிற்கிறது. கட்டடம் கட்டலாம் என்று உட்கார்ந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் சாமான் நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் இருக்காது. சேலத்தில் இருந்துகொண்டு, சேலத்தில் கிடைப்பதை வைத்து, எச்ஓ ஸ்கேலில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு) ஒரு சின்னக் கட்டடத்தைக் கட்டிப் படம் பிடிக்கும் வரை என்ன வரிசையில் போக வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று மட்டும். எல்லாம் முடிந்தபிறகு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சுவர் நின்றதும் ஒரு படம், கூரை ஏறியதும் ஒரு படம், வண்ணம் காய்ந்ததும் ஒரு படம் எடுத்து, செல்போன் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண் மன்னித்துவிடுவதை கேமரா மன்னிக்காது. கோணிய மூலையையும் வழிந்த பசையையும் அந்தக் கட்டத்திலேயே பார்த்தால்தான் திருத்த முடியும்.

1. எந்தக் கட்டடம்?

முதல் வேலையாக ஜங்ஷன் ஸ்டேஷனைக் கட்ட ஆசைப்படாதீர்கள். நான்கு சுவர், இரண்டு பக்கம் சரிந்த கூரை, ஒரு பெரிய கதவு, ஒன்றிரண்டு ஜன்னல். இது போதும்.

என் சிபாரிசு, செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் பார்க்கிற மாதிரி சீமை ஓடு போட்ட பழைய மண்டிக் கட்டடம். விருத்தாசலம் பாதையில் சேலம் மார்க்கெட் என்று ஒரு ஸ்டேஷனே இருப்பதால், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மண்டியை வைத்தால் ஊர் தெரிந்தவர் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பாதை முன்பு மீட்டர் கேஜ். ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினின் மாடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பொருத்தம். ரயில்வே கட்டடத்தை முதலில் எடுக்காமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: அளவெடுக்கும் அனுமதி. அதை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

ஐரோப்பியக் கட்டடக் கிட்டை வரவழைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகப் போட்ட கூரையும் புகைபோக்கியும் சேலத்து வெயிலில் என்ன செய்யும்? அதோடு செலவு. சிறிய அளவு மாடல்கள் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு அதே 9503-ஆம் தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. கூரியர்காரர்கள் கேஒய்சி என்று பான், ஆதார் நகலும், இன்வாய்ஸும், பணம் கட்டியதற்கு ஆதாரமும் கேட்பார்கள். எதையாவது வரவழைத்தே தீர வேண்டுமென்றால், ஆர்டர் போடும் நாளில் வரி விகிதம் என்ன என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

2. ஸ்கேல்

எச்ஓ என்றால் 87-ல் ஒரு பங்கு. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 3.5 மி.மீ. கொத்தனாரும் மண்டிக்காரரும் அடியில்தான் பேசுவார்கள், அவர்கள் சொல்லும் கணக்கை 3.5-ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. 20 அடி அகலம் 70 மி.மீ., 30 அடி நீளம் 105 மி.மீ., 10 அடிச் சுவர் 35 மி.மீ. ஐந்தரை அடி ஆள் 19 மி.மீ. சொச்சம் நிற்பார்.

தண்டவாளத்தின் அகலத்தைப் பற்றிக் குழம்ப வேண்டாம். வழக்கமான எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., அது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்கான கணக்கு. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ., கணக்குப்படி 19.3 வர வேண்டும். பெரும்பாலானவர்கள் 16.5-ஐயே ஓட்டிக்கொள்கிறார்கள். மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. கட்டடத்துக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

3. அனுமதி, தாள்கள்

மண்டி தனியார் இடம், முதலாளியைக் கேட்டால் போதும். லோடு ஏறி இறங்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது, நீங்களும் மூட்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். டேப்பும் கையுமாக ஒருவன் சுவரை அளந்தால் இடத்தகராறோ, மாநகராட்சி ஆளோ என்று சந்தேகம் வருவது இயல்புதான். அதனால் இவை கையில் இருக்கட்டும்:

- ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் நகல்.
- பெயர், போன் நம்பர், எதற்காக அளக்கிறீர்கள் என்று தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதம்.
- நீங்களோ வேறு யாரோ செய்த மாடல் கட்டடத்தின் படம், செல்போனில். "பொம்மை வீடு கட்டப்போறேன்ணே" என்று சொல்வதைவிட இதைக் காட்டினால் உடனே புரியும்.

கடைப் பெயரை மாடலில் எழுதலாமா, படத்தை வெளியிடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தயங்கினால் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

தண்டவாளம், சிக்னல், பிளாட்பாரம் இவற்றின் விவரமும் வேண்டுமென்றால் பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். ரயில்வேயின் செயலியிலும் எடுக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள், டேப்பை மட்டும் வெளியே எடுக்க வேண்டாம். பாதையில் இறங்கினால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு காத்திருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே.

4. அளவெடுப்பது

ஐந்து மீட்டர் டேப், நோட்டு, பென்சில், ஒரு கோல். கோல்தான் முக்கியம். நான்கடி நீளக் குச்சியில் அடிக்கு அடி கறுப்பு வெள்ளை மாற்றி டேப் சுற்றிவிடுங்கள். அதைச் சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்தி ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். அளக்க மறந்ததையெல்லாம் பிறகு அந்தப் படத்திலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

படம் எடுக்கும்போது சுவரின் நடுவுக்கு நேராக, முடிந்தவரை தள்ளி நில்லுங்கள். செல்போனில் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள், சுவர் வளைந்துவிடும். தெரு குறுகலாக இருந்து தள்ளி நிற்க முடியாவிட்டால் இரண்டு மூன்று படமாகப் பிரித்து எடுங்கள்.

கட்டாயம் அளக்க வேண்டியவை: நீளம், அகலம், ஓட்டு விளிம்பு வரை உயரம், கதவு, ஜன்னல், மூட்டை இறக்கும் திண்ணையின் உயரம், சுவரின் கனம். கூரையின் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை, பக்கவாட்டுப் படத்திலேயே சரிவு தெரிந்துவிடும். கூகுள் மேப்பின் சாட்டிலைட் படத்தில் நீளத்தை அளக்கலாம்தான், ஆனால் அதில் தெரிவது கூரை. தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டடியும் சேர்ந்து வரும். அதைச் சுவரின் அளவு என்று எடுத்துக்கொண்டால் கட்டடம் வீங்கிவிடும்.

5. வரைபடமும் ஜெராக்ஸ் கடையும்

நான்கு பக்கத்தையும் மாடல் அளவிலேயே ஏ4 தாளில் வரையுங்கள். கிராஃப் தாளில் கையால் வரைந்தாலே போதும். கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடைக்காரர் பழக்கதோஷத்தில் 'ஃபிட் டு பேஜ்' அழுத்திவிடுவார், படம் நான்கைந்து சதவீதம் சுருங்கிவிடும், பார்த்தால் தெரியாது. தாளின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுவையுங்கள். பிரிண்ட் வந்ததும் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

6. சாமான்களும் செலவும்

3 மி.மீ. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒரு ஷீட், சார்ட் அட்டை, ஒரு மி.மீ. கனத்தில் பைண்டிங் அட்டை, உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் பிளேடு கத்தி, இரும்பு ஸ்கேல், ஃபெவிகால், ஃபெவிக்விக், எம்சீல், வால்புட்டி கொஞ்சம், அக்ரிலிக் வண்ணம் ஐந்தாறு டப்பா, சுண்ணக்கட்டி வகைப் பாஸ்டல் ஒரு பெட்டி. எல்லாம் சேர்த்து 800-லிருந்து 1200 ரூபாய்க்குள் அடங்கும், கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். இதில் பாதி அடுத்த கட்டடத்துக்கும் வரும். வால்புட்டிக்காகப் பெரிய பை வாங்க வேண்டாம். பக்கத்தில் பெயிண்ட் வேலை நடக்கும் வீட்டில் ஒரு கப் கேட்டால் கொடுப்பார்கள்.

தெர்மாகோலில் சுவர் செய்யாதீர்கள். விலை குறைவு என்று தோன்றும், வெட்டினால் உதிரும், ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் கரைந்து ஓட்டையாகும்.

லேசர் கட்டிங் செய்யும் கடைகளில் எம்டிஎஃப் பலகையில் சுவரை வெட்டி வாங்கலாம். ஒரே கட்டடம் பத்து வேண்டுமென்றால் லாபம். முதல் கட்டடத்துக்குக் கத்தியே போதும்.

நேரக் கணக்கு: வேலைக்குப் போய்வந்து மாலையில் உட்காருபவருக்கு மூன்று, நான்கு வாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபெவிகாலும் புட்டியும் காய மறுக்கும். அப்போது ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. சுவர்

கூரை முக்கோணம் இருக்கும் இரண்டு குறுக்குச் சுவர்களையும் முழு அகலத்துக்கு, அதாவது 70 மி.மீ.க்கு வெட்டுங்கள். நெடுஞ்சுவர் இரண்டும் அவற்றுக்கு நடுவில் உட்கார வேண்டும். சன்போர்டின் கனம் இரண்டு பக்கமும் 3 மி.மீ. என்பதால் நெடுஞ்சுவரை 105-க்கு வெட்டாமல் 99-க்கு வெட்டுங்கள். இந்த 6 மி.மீ. கழிக்காமல் விட்டால் கூரை பொருந்தாது. சீமை ஓட்டுக் கூரைக்கு 30 டிகிரிச் சரிவு வைத்தால், 70 மி.மீ. அகலத்துக்கு முக்கோணத்தின் உயரம் 20 மி.மீ. வரும்.

ஒரே அழுத்தில் வெட்டக் கூடாது. மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். கதவு, ஜன்னல் ஓட்டைகளைச் சுவரை ஒட்டும் முன்பே வெட்டிவிடுங்கள். மூலைக்கு மூலை உள்ளே சதுரத் துண்டு வைத்து ஒட்டினால் கட்டடம் கோணாது.

காரைச் சுவரின் சொரசொரப்புக்கு ஆற்று மணல் வேண்டாம். இந்த அளவில் ஒரு மணல் துகள் ஒரு ஜல்லிக்குச் சமம். வால்புட்டியை மோர்ப் பதத்துக்குக் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். ஓரிடத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிய வேண்டுமானால், சன்போர்டில் ஊசியால் கீறுங்கள். ஒரு செங்கல் 2.6 மி.மீ. நீளம், வரிசை உயரம் 0.9 மி.மீ. கொஞ்சம் இடத்தில் செய்தாலே போதும்.

ஜன்னல் கம்பிக்கு ஒயரில் இருக்கும் செம்பு இழை ஒன்று. பலகைக் கதவைச் சார்ட் அட்டையில் இரண்டரை மி.மீ.க்கு ஒரு கோடு கீறிச் செய்துவிடலாம். மண்டிக்குக் கண்ணாடி ஜன்னல் இருக்காது, நல்லதாகப் போயிற்று. கண்ணாடிக்குப் பதில் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) வைப்பவர்கள் அதன் அருகில் ஃபெவிக்விக் போட்டால் ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும்.

இப்போது ஒரு படம்.

8. ஓடு

பார்க்கிறவர்களின் கண் முதலில் போவது கூரைக்கு. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கூரைப் பலகைக்குப் பைண்டிங் அட்டை. சரிவு 40 மி.மீ., தாழ்வாரத்துக்கு 8 சேர்த்து 48. நீளம் 115, இரண்டு ஓரமும் ஐந்தைந்து மி.மீ. நீட்டல். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பசை தடவினால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். அடிப்பக்கமும் ஒரு தாளை ஒட்டி, புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள்.

ஒவ்வொரு ஓடாக வெட்டுவது என்றால் ஆயிரத்துக்கு மேல் வெட்ட வேண்டும், வேண்டாம். சார்ட் அட்டையின் பின்பக்கத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் 2.5 மி.மீ. இடைவெளியில் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போடுங்கள். முன்பக்கம் வரி வரியாகப் புடைத்துவரும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே 5 மி.மீ. பட்டைகளாக வெட்டுங்கள். கூரைப் பலகையில் 4 மி.மீ.க்கு ஒரு வழிகாட்டிக் கோடு. தாழ்வாரத்திலிருந்து தொடங்கி உச்சியை நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று 1 மி.மீ. ஏறும்படி ஒட்டிக்கொண்டே போனால் பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிசை. உச்சியிலிருந்து தொடங்கினால் மழைத்தண்ணீர் உள்ளே போகிற கூரையாகிவிடும், கவனம்.

ஒவ்வொரு வரிசையிலும் புடைப்புகள் கீழ் வரிசையோடு நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். சீமை ஓட்டில் அந்த நேர்கோடுதான் அழகு. உச்சி ஓட்டுக்கு, தாளை ரீஃபில் குழாய் மேல் பாதி வட்டமாகச் சுற்றி 4.5 மி.மீ. துண்டுகளாக வெட்டி வரிசையாக வையுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் ஓட்டுக்குப் பதில் ஓஎச்பி ஷீட் துண்டு ஒன்றைச் செருகினால் அது கண்ணாடி ஓடு. அதற்கு நேர்கீழே பலகையிலும் ஓட்டை வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் இறங்காது. இரண்டு ஓடு உடைந்ததாகவும், ஒன்று நழுவியதாகவும் வைக்கலாம். அதற்கு மேல் போனால் பாழடைந்த வீடு.

9. வண்ணமும் அழுக்கும்

சுண்ணாம்புச் சுவர் வெள்ளைதானே என்று வெள்ளையை அப்படியே பூசினால் வெயிலில் எடுக்கும் படத்தில் சுவரில் ஒரு விவரமும் தங்காது. வெள்ளையில் பழுப்பு ஒரு சொட்டு, நீலம் அதைவிடக் குறைவாக. அடியில் 6 மி.மீ. காவிப் பட்டை.

ஓட்டுக்கு ஒரே சிவப்பு வேண்டாம். அடிப்படையாகச் செங்காவி, அதன்மேல் தண்ணீராய்க் கரைத்த கறுப்பு-பழுப்பு. காய்ந்ததும் அங்கொன்று இங்கொன்றாகச் சில ஓடுகளுக்கு மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு, அவை புதிதாக மாற்றியவை. நிஜ நிறத்தை அப்படியே கலந்தால் இவ்வளவு சிறிய உருவில் அடர்த்தியாகத் தெரியும், எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெள்ளை சேருங்கள்.

அழுக்கு எங்கே படியும் என்று உங்கள் படங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தாழ்வாரத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்த செம்மண் சுவரின் அடியில் ஓர் அடி உயரம் இருக்கும், அதாவது மூன்றரை மி.மீ. ஜன்னலின் கீழ்மூலைகளில் கறுப்பு ஒழுகல். திண்ணை விளிம்பில் மூட்டை உரசிய வழவழப்பு. பாஸ்டலைத் தேய்த்துத் தூளாக்கி உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள். வார்னிஷ் அடித்தால் இந்தத் தூளில் பாதி மறைந்துவிடும், கழிவுத் துண்டில் பார்த்துவிட்டு அடியுங்கள்.

சுவர் விளம்பரத்தை லேசர் பிரிண்டில் எடுங்கள். இங்க்ஜெட் மை ஃபெவிகால் ஈரத்தில் கலங்கும். தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி ஒட்டினால் சுவரோடு படிந்துவிடும்.

10. சில்லறைச் சாமான்கள்

மூட்டைகள்: எம்சீலைப் பிசைந்து 10 மி.மீ.க்கு 6 மி.மீ. தலையணையாக உருட்டி, காயும் முன் கட்டுத்துணியை அதன்மேல் அழுத்தி எடுங்கள். சாக்கு நெசவு பதிந்துவிடும். எம்சீலைக் கையுறை போட்டுப் பிசையுங்கள். மூட்டையை அடுக்கும்போதே கொஞ்சம் ஈரமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி உட்காரும், காய்ந்தபிறகு அடுக்கினால் செங்கல் அடுக்கிய மாதிரிதான் தெரியும்.

எடைத் தராசு, கைவண்டி, சாய்ந்த சைக்கிள், வாசலில் திருஷ்டிப் பூசணி. பூசணி நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே மூன்றரை மி.மீ. இரண்டு மூன்று ஆட்கள் போதும். எல்லாரையும் ஏதாவது வேலை செய்கிற மாதிரி வைக்க வேண்டியதில்லை, மண்டியில் ஒருவர் எப்போதும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்.

உள்ளே விளக்கு வேண்டுமானால் மஞ்சள் சாயல் வெள்ளை எல்இடி ஒன்று. 12 வோல்ட் இணைப்புக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர். சுவருக்குள் கறுப்பு அடிக்காவிட்டால் சன்போர்டே ஒளிரும்.

11. படம்

விலையுயர்ந்த கேமரா கட்டாயமில்லை. செல்போனின் சின்ன சென்சாரில் முன்னும் பின்னும் தெளிவு அதிகம் கிடைக்கும், இந்த வேலைக்கு அது சாதகம். பெரிய கேமராவாக இருந்தால் லென்ஸ் துவாரம் (அபெர்ச்சர்) எஃப் 11 அல்லது 16, டிரைபாட், டைமர்.

போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வரும். 87-ல் ஒரு பங்கு மனிதரின் கண் தரையிலிருந்து 18 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து எடுத்தால்தான் தெருவில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். மேலிருந்து எடுத்தால் எவ்வளவு உழைத்திருந்தாலும் பொம்மைதான். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். கிட்டே கொண்டுபோனதும் சில போன்கள் தானாகவே மேக்ரோவுக்குத் தாவி அகல லென்ஸைப் போட்டுவிடும், அதை அணைத்துவையுங்கள். போர்ட்ரெய்ட் மோடும் கூடாது. ஓட்டு விளிம்பையும் ஒயரையும் அது மழுங்கடித்துவிடும். வெள்ளைச் சுவரைத் திரையில் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள்.

வீட்டுக்குள் இரண்டு டியூப்லைட் இருந்தால் இரண்டு நிழல் விழும். உலகத்துக்கு ஒரே சூரியன், அதனால் மொட்டை மாடிக்குப் போங்கள். சேலத்துக்காரர்களுக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம். வடக்கே பார்த்து மேஜையைப் போட்டால் பின்னணியில் சேர்வராயன் மலை இலவசம். மேஜையைக் கைப்பிடிச் சுவருக்குச் சமமாக உயர்த்தி, பக்கத்துவீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் மறைத்துவிட்டால் போதும். மலை கொஞ்சம் மங்கலாக விழுந்தால் நல்லது, தூரம் தெரியும். தெற்கே ஜருகுமலையை வைத்தும் எடுக்கலாம், அப்போது வெளிச்சக் கணக்கு தலைகீழ்.

அந்தக் கணக்கு இதுதான். வடக்கு நோக்கி எடுக்கும்போது நமக்குத் தெரிவது கட்டடத்தின் தெற்குப் பக்கம். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயிலே சேலத்துக்கு வடக்கே சாய்ந்துவிடுகிறது, தெற்குச் சுவர் நிழலில் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் காலைச் சூரியன் தென்கிழக்கிலிருந்து, உங்கள் வலது தோளுக்குப் பின்னால் வரும். சுவர் முழுக்க வெயில், ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் ஒரு மெல்லிய நிழல். ஏழரையிலிருந்து ஒன்பது வரை எடுத்துவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மலையும் பச்சையாகத் தெளிந்திருக்கும். காற்று அடிக்கும் என்பதால் பலகையின் அடியில் கனம் வையுங்கள்.

எடுப்பதற்கு முன் உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். கூரையில் ஒரு தலைமுடி விழுந்திருந்தால் படத்தில் கேபிள் ஒயர் அளவுக்குத் தெரியும்.

12. தண்டவாளத்தோரம் வைப்பது

உங்களிடம் இருப்பதில் நீளமான பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலைக் கட்டி வளைவில் மெதுவாகத் தள்ளுங்கள். பென்சில் இழுக்கும் கோட்டுக்கு வெளியேதான் தாழ்வாரம் இருக்க வேண்டும். வளைவின் உட்பக்கம் பெட்டியின் நடுப்பகுதி உள்ளே வரும், வெளிப்பக்கம் அதன் முனை வெளியே தள்ளும், இரண்டையும் பாருங்கள்.

கட்டடத்தைப் பலகையோடு நிரந்தரமாக ஒட்ட வேண்டாம். நான்கு மூலையிலும் சிறு ஆணி முளை வைத்துச் செருகிவிட்டால் எல்இடி போனாலும் எடுக்கலாம், மாடிக்கும் கொண்டுபோகலாம். எடுத்துவைக்கும்போது மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். எங்காவது மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் முதலில் அந்தச் சுவர் விளம்பரத்தைத்தான் தின்னும்.